ஜன்னல் வழியாகப் போன ஒயர்

கேள்வி: அக்கா, நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் லால்குடி. பூர்வீக வீட்டில் அண்ணன், அண்ணி, எங்கள் அம்மா (வயது 76) இருக்கிறார்கள். 2025 மே மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு புது எலெக்ட்ரிக் காரில் ஊருக்குப் போனேன். போய்ச் சேரும்போது பேட்டரியில் 12 சதவீதம்தான் இருந்தது. இரண்டு ராத்திரியும் வீட்டில் சார்ஜ் போட்டேன். போர்டிகோ வரை ஒயர் எட்டுகிற மாதிரி இருந்த 15 ஆம்பியர் பிளக், அம்மா ரூமில் ஏ.சி.க்குப் போட்டது ஒன்றுதான். ஜன்னல் வழியாக ஒயரை வெளியே விட்டேன். அதனால் அம்மா ஹாலில் படுத்துக்கொண்டார். அவரேதான் "வண்டிக்குப் போட்டுக்கோப்பா" என்றார். அண்ணி மட்டும் "இந்தத் தடவை ஐந்நூறைத் தாண்டிடும்" என்று என் காதில் விழும்படி சொன்னார். மனசு கஷ்டமாகிவிட்டது. சென்னை திரும்பியதும் 40 யூனிட், யூனிட் ஐந்து ரூபாய் என்று கணக்குப் போட்டு 200 ரூபாய் ஜிபே செய்தேன். "கார் சார்ஜ்" என்று குறிப்பும் போட்டேன். பத்து நிமிடத்தில் பணம் திரும்பி வந்துவிட்டது. அதிலிருந்து அண்ணனும் சரியாகப் பேசுவதில்லை. நான் பிறந்த வீட்டில் ஒரு பிளக் பாயின்ட்டுக்குக்கூட எனக்கு உரிமை இல்லையா?
– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 12 சதவீதம், 15 ஆம்பியர், 40 யூனிட், ஐந்து ரூபாய், 200 ரூபாய், பத்து நிமிடம். எல்லாவற்றுக்கும் எண் எழுதியிருக்கிறீர்கள். அம்மா ஹாலில் படுத்ததற்கு மட்டும் ஒரே ஒரு வரி. அதுவும் "அதனால்" என்று ஆரம்பிக்கிற வரி. நான் அந்த வரியை விட்டு நகர்வதாக இல்லை.

லால்குடியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று அங்கே பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். அந்த நேரம் பார்த்து 76 வயசுக்காரரின் ரூமில் ஏ.சி. பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்து ஒயரை விட்டு, கொசுவுக்கும் வழி பண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள். குளிர்ச்சியைக்கூட விடுங்கள். அந்த வயசில் ராத்திரி இரண்டு தடவையாவது பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டும். தன் ரூம் என்றால் விளக்குப் போடாமலே சுவரைத் தடவிக்கொண்டு போய்விடுவார். ஹாலில் உங்கள் பெட்டியும் பிள்ளைகள் கழற்றிப் போட்ட ஷூவும் கிடந்திருக்கும். இடறி விழுந்து இடுப்பு எலும்பு போயிருந்தால், இப்போது எனக்கு எழுதியிருப்பது வேறு கடிதம்.

நீங்களும் உங்கள் மனைவியும் எங்கே படுத்தீர்கள் என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை.

"அவரேதான் சொன்னார்" என்கிறீர்கள். வேறென்ன சொல்வார்? மகன் புதுக் காரில் வந்து இறங்கியிருக்கிறான். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பூரிப்பில் திண்ணையில் படுக்கச் சொன்னாலும் சரி என்றிருப்பார். மறுக்கவே தெரியாதவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள். கேட்டிருக்க வேண்டியது அண்ணியை. அவரிடம் கேட்டதாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அந்த ஐந்நூறு விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி சொன்னது ஜாடைப் பேச்சாகவே இருக்கட்டும், கணக்கு சரியான கணக்கு. நம் ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. நீங்கள் போன சமயத்தில் இருந்த ரேட்டில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு சல்லிசு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டினதுக்கு மட்டும் கூடுதலாகப் போடமாட்டார்கள். அந்தச் சல்லிசான நூறு யூனிட்டுக்கும் ரேட் இரட்டிப்பாகும். 500-க்கு மேலே போகிற யூனிட் ஒவ்வொன்றும் எட்டு ரூபாய்க்கு மேல். மீட்டர் பெட்டிப் பக்கம் இருக்கிற அட்டையைப் பார்த்து, மோட்டாரை எப்போது போடுவது, வாஷிங் மெஷினை எப்போது ஓட்டுவது என்று அறுபது நாளும் ஓட்டுகிற பெண் அவர். வண்டி வராமல் இருந்திருந்தால் 490-ல் நின்றிருக்கும் என்று வையுங்கள். நீங்கள் ஏற்றியது 40-ஐத் தாண்டி, இரண்டு ராத்திரிக்கும் சேர்த்து 60 யூனிட் வரை போயிருக்கலாம். பேட்டரியில் ஏறுவதைவிட மீட்டரில் ஓடுவது பத்து சதவீதம் போல எப்போதும் கூட. 60 யூனிட் என்றால் அண்ணி வீட்டு பில்லில் அது ஏற்றியிருக்கும் தொகை எழுநூறு ரூபாய் போல வரும். நீங்கள் அனுப்பியது இருநூறு.

எழுநூறு அனுப்பியிருந்தாலும் திரும்பித்தான் வந்திருக்கும். சுட்டது தொகை இல்லை தம்பி, அந்தக் குறிப்பு. "கார் சார்ஜ்" என்று தலைப்புப் போட்டு அனுப்பினீர்களே, அண்ணி என்றைக்காவது உங்களுக்கு அப்படி ஒரு தலைப்புப் போட்டு அனுப்பியிருக்கிறாரா? அம்மாவின் பி.பி. மாத்திரை, டாக்டர் வீட்டுக்குப் போன ஆட்டோ, பல் இல்லாதவருக்கென்று தனியாகக் குழைத்து வடித்த சோறு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பிடித்துக் கூட்டிப்போனது. யூனிட் ரேட் போட அவருக்கும் தெரியும்.

உரிமையைக் கேட்டீர்கள். என் எண்ணம் பழைய எண்ணம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா எந்தப் பிள்ளை வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டில் மற்றப் பிள்ளைகள் விருந்தாளிகள்தான், அது பிறந்த வீடாகவே இருந்தாலும். பட்டாவில் உங்கள் பெயர் இருக்கலாம், நாளைக்குப் பாகமும் வரலாம். அடுப்படியும் ஸ்விட்ச் போர்டும் தினமும் அங்கே புழங்குகிறவர்களுக்குப் பாத்தியப்பட்டது. (மச்சினன் ஸ்கூட்டரில் வந்து சார்ஜ் போடுகிறான் என்று சேலத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். ஸ்கூட்டர் குடிப்பது மூன்று நாலு யூனிட், ஒரு காபி டிபன் செலவுகூட ஆகாது, பேசாமல் இருங்கள் என்று எழுதினேன். கார் அப்படி இல்லை.)

அதென்ன 12 சதவீதம்? வேளச்சேரியிலிருந்து லால்குடி 300 கிலோமீட்டருக்கு மேல். வழியில் எங்கேயாவது நிறுத்தி ஏற்றியிருப்பீர்கள். ஃபாஸ்ட் சார்ஜரில் வீட்டு ரேட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு, மிச்சத்துக்குத்தான் வீடு இருக்கிறதே என்று கிளம்பியிருப்பீர்கள். இல்லை என்றால் எழுதுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன்.

இனிமேல் போகும்போது திருச்சியிலேயே 80 சதவீதம் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழையுங்கள், இருபது கிலோமீட்டர்தான். அடிக்கடி போவதாக இருந்தால், அண்ணன் அண்ணி இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு, நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டிலிருந்து போர்டிகோவுக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணைகிற ஸ்விட்ச்), ஒழுங்கான எர்த், வாடகை வீடுகளில் மாட்டுவார்களே அந்த மாதிரி ஒரு சப் மீட்டர், எல்லாம் உங்கள் செலவில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல் 15 ஆம்பியர் பிளக்கைத் தேடினீர்கள் பாருங்கள், உங்கள் கடிதத்தில் நீங்கள் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். சப் மீட்டரில் ஓடுவதை யூனிட் யூனிட்டாக அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். வருஷத்தில் இரண்டு தடவை வீட்டு ஈ.பி. பில் முழுவதையும் நீங்கள் கட்டிவிடுங்கள், குறிப்பு எதுவும் போடாமல். முக்கியமாக, கோடைக்காலத்து பில்லை.

அது பிறகு. அந்த இரண்டு ராத்திரியும் தூங்கினாரா என்று அம்மாவிடம் நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கே போன் போடுங்கள். அண்ணன் நம்பருக்கு வேண்டாம், அண்ணி நம்பருக்கு. அவரிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டு, அப்புறம் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.