குளம்பு அழுகலில் மூன்று கிருமிகள்: எதற்கு மருந்து?

கேள்வி: சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் உள்ள பால் ஆட்டுப் பண்ணை ஒன்றைக் கவனித்து வருகிறேன். மழை பிடித்ததிலிருந்து சில ஆடுகள் நொண்டுகின்றன. குளம்பிடுக்கில் துர்நாற்றம் வீசுகிறது. சோதனையில் டைகெலோபாக்டர், ஃபியூசோபாக்டீரியம், ட்ரூபெரெல்லா என மூன்று பாக்டீரியாக்கள் தெரியவந்தன. நோய்க்குக் காரணம் எது? ஊசி போட்டு ஆறினாலும் மீண்டும் வருகிறதே?

பதில்: ஐயா, இம்மூன்றும் ஒன்றுக்கொன்று உணவும் காவலும் தந்து வாழும் கூட்டாளிகள். சாணத்தில் எப்போதும் இருக்கும் ஃபியூசோபாக்டீரியம், ஈரத்தில் ஊறி வெளுத்துப்போன குளம்பிடுக்குத் தோலில் எளிதாகப் பற்றிக்கொள்ளும். தனியாக இருந்தால் அது பெரும்பாலும் மேற்புண்ணோடு நின்றுவிடும். டைகெலோபாக்டரும் சேரும்போதுதான், அது சுரக்கும் புரதம் சிதைக்கும் நொதிகளால் குளம்பின் ஓடு அடித்தசையை விட்டுக் கழன்று, சாம்பல் நிறக் கூழ் கசியத் தொடங்குகிறது. டைகெலோபாக்டர் வெளியிடும் பொருள் ஃபியூசோபாக்டீரியத்தின் வளர்ச்சியைத் தூண்ட, ஃபியூசோபாக்டீரியமோ தன் நச்சினால் ஆட்டின் வெள்ளை அணுக்களைக் கொன்று கூட்டாளிகளைக் காப்பாற்றுகிறது. ட்ரூபெரெல்லா புண்ணிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், ஆக்சிஜனைத் தாங்காத மற்ற இரண்டும் அங்கே செழிக்கின்றன.

ஆகவே ஒன்றை மட்டும் குறிவைப்பதானால், டைகெலோபாக்டரையே தேர்ந்தெடுப்பேன். மற்ற இரண்டும் ஆட்டின் உடலிலும் சாணத்திலும் இயல்பாக இருப்பவை. அவற்றைப் பண்ணையிலிருந்து ஒழிக்க முடியாது. டைகெலோபாக்டரோ நோயுற்ற குளம்பில்தான் நீண்டகாலம் தங்கும். தரையில் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குமேல் பிழைப்பது அரிது. நோய் திரும்பி வருகிறதென்றால், நொண்டாத ஏதோ ஓர் ஆட்டின் குளம்பிலோ, புதிதாக வாங்கிச் சேர்த்த ஆட்டிலோ அது ஒளிந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். எல்லா ஆடுகளின் குளம்புகளையும் புரட்டிப் பாருங்கள்.

10 விழுக்காட்டுத் துத்தநாக சல்பேட் கரைசலில், அதாவது 100 லிட்டர் நீருக்கு 10 கிலோ கலந்து, நல்ல ஆடுகளை முதலிலும் நோயுற்றவற்றைப் பின்னரும் பத்து நிமிடமாவது நிற்க வையுங்கள். பிறகு அவை ஒரு மணி நேரம் காய்ந்த தரையில் நிற்க வேண்டும். கரைசலைக் குடிக்க விடக்கூடாது. இரத்தம் வரும் அளவுக்குக் குளம்பைச் சீவினால் புண் ஆறுவதுதான் தாமதமாகும்.

தரைக்கு மேலே பலகை பரப்பிய பரண் கொட்டகையில் ஈரம் எப்படி என்று கேட்பீர்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள பலகைகளைத் தொட்டுப் பாருங்கள். குழாய் ஒழுகலும், நாள்தோறும் தரை கழுவிய நீரும் அங்கேதான் தங்கும். நம் ஊர்க் காற்றில் அது தானாகக் காயாது. விசிறி வைத்துத்தான் உலர்த்த வேண்டும்.

வாயிலும் கொப்புளம் கண்டு எச்சில் வடிந்தால் கோமாரியோ என ஐயப்பட்டு, உடனே அரசுக் கால்நடை மருத்துவப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். எந்த ஊசியானாலும் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடுங்கள். அவர் குறிக்கும் காத்திருப்புக் காலம் முடியும்வரை அந்த ஆட்டின் பாலை விற்பனைப் பாலோடு சேர்க்காதீர்கள்.