ஆடுகளின் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். பெயரும் சபையும் வெளியே வரவேண்டாம். பெங்களூரில் கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்ச் சபை ஒன்றில் 22 வருஷம் பாடகர் குழுவை நடத்தினேன். போன ஈஸ்டருக்குப் பிறகு கமிட்டி ஒரு இளைஞனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டது. எனக்கு வாட்ஸ்அப்பில்தான் தகவல் வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பதவி ஆசையை ஆண்டவர் என்னிடமிருந்து எடுக்கிறார் என்று எண்ணி விலகிவிட்டேன். இப்போது ஹெண்ணூர் பக்கம் ஒரு சின்னச் சபையில் கடைசி பெஞ்சு. மனதில் நல்ல சமாதானம். பழைய சபையின் ஞாயிறு பாட்டை மட்டும் ஒரு நண்பர் ரெக்கார்ட் செய்து அனுப்புவார், சும்மா கேட்பேன். என் மனைவியோ, "இது தாழ்மை இல்லை, கோபம்" என்கிறாள். பற்று விட்டதா, என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா, எப்படித் தெரிந்துகொள்வது?

*

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அந்த 'சும்மா'. 22 வருஷம் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) எங்கே இறங்குகிறது என்று காது கொடுத்தவர் சும்மா கேட்க முடியுமா? எந்தச் சரணத்தில் சுருதி விலகியது என்று கேட்டால் இப்போதே சொல்வீர்கள்.

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேலின் எதிரிகளான அமலேக்கியருக்கு உண்டான எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி ராஜாவாகிய சவுலுக்குக் கர்த்தரின் கட்டளை. (அந்தக் கட்டளை எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. அது வேறு கடிதத்துக்கான விஷயம்.) சவுல் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டுவிட்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே எதிரே வருகிறான். அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார் தீர்க்கதரிசி சாமுவேல். சவுலின் பதிலில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஆடுகளை ஜனங்கள் 'தப்பவைத்தார்கள்', மற்றதை 'அழித்துப்போட்டோம்'. தப்பு படர்க்கையில், கீழ்ப்படிதல் தன்மையில். எதற்குத் தப்பவைத்தார்கள்? கர்த்தருக்குப் பலியிடத்தானாம்! சவுல் தெரிந்தே பொய் சொல்கிறான் என்று நான் நினைக்கவில்லை. முதலில் அவனே நம்பியிருப்பான்.

எனக்கும் ஒரு ஆடு உண்டு. சரியாகச் சொன்னால் பூசணிக்காய். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 3,200 ரூபாய்க்கு எடுத்தேன். ரஸல் மார்க்கெட்டில் நூறு ரூபாய்கூடப் பெறாத காய். ஆண்டவருடைய காரியம், கணக்குப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், பின் வரிசையிலிருந்து ஒருவர் ஏற்றிக்கொண்டே போனார், அவரிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை. அது தெரிந்ததுகூட பத்து நாள் கழித்து, சமையலறை மூலையில் அந்தக் காய் அழுகியபோதுதான். ஜெபத்தில் தெரியவில்லை. நாற்றத்தில் தெரிந்தது.

இயேசு சபையை நிறுவியவரும் கத்தோலிக்கர்கள் இஞ்ஞாசியார் என்று அழைப்பவருமான லொயோலா இக்னேஷியஸின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548இல் அச்சானது. அதில் மூன்று வகை மனிதர்கள் வருவார்கள். மூவர் கையிலும் 10,000 டூக்கட் (அக்காலத் தங்க நாணயம்) பணம், மூவருக்கும் அதன்மேல் பற்று. முதல் வகை விடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாகும்வரை ஒன்றும் செய்யாது. இரண்டாவதற்குப் பற்று போகவேண்டும், பணம் மட்டும் கையில் இருக்கவேண்டும். மூன்றாவது, வைத்துக்கொள்வதா விடுவதா என்பதைக் கடவுளின் விருப்பத்துக்கு விட்டுவிடும். நீங்கள் இரண்டாம் வகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பணம் போய்விட்டது, பற்று வாராவாரம் போனுக்கு வருகிறது.

சரி, அந்தச் சமாதானம்? 1521இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் கால் நொறுங்கிப் படுத்திருந்த இக்னேஷியஸ் ஒன்றைக் கவனித்தார். வீரசாகசங்களைக் கற்பனை செய்தாலும் இனித்தது, பரிசுத்தவான்களைப்போல வாழ நினைத்தாலும் இனித்தது. ஆனால் முதலாவது முடிந்ததும் வறட்சி. இரண்டாவதன் மகிழ்ச்சி பிறகும் தங்கியது. அதனால் உங்களிடம் ஒரே கேள்வி: அவர்கள் நன்றாகப் பாடிய வாரத்திலும் அந்தச் சமாதானம் இருந்ததா?

அக்கா சொன்னது பாதி சரி. கோபம் இருக்கிறது. ஆனால் அதற்கு நியாயமும் இருக்கிறது. இத்தனை வருஷம் உழைத்தவருக்கு வாட்ஸ்அப்பில் விடைகொடுத்தது மரியாதையில்லாத காரியம், எந்தக் கமிட்டி செய்தாலும். அந்தக் கோபத்துக்குத் தாழ்மை என்று பெயர் வைத்ததுதான் சிக்கல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் மறைக்காமல் முறையிடுகிறது. நீங்களும் ஆயரிடம் போய், எனக்கு வலித்தது என்று சொல்லலாம். பழைய இடத்தைக் கேட்கவேண்டாம். வலித்தது என்று மட்டும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டுத் தினமும் மனதைத் தோண்ட ஆரம்பித்துவிடாதீர்கள். அது இன்னொரு பூசணிக்காய். வரும் ஞாயிறு பாட்டை அனுப்பவேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள், போதும். அப்புறம், மத்தியானச் சாப்பாட்டுக்குள் எத்தனை தரம் போனை எடுத்துப் பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.