வாசகர் கேள்வி பதில்: தீவில் டீச்சர் வேலை, போகலாமா?

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து, ஐந்து வருடமாக இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் பதினாலாயிரம். மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில் ஆங்கில டீச்சர் வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். டூரிஸ்டாகவே போய் இறங்கலாம், விசாவை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். போட்டோவில் கடலைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. அம்மாதான், "சுத்தி தண்ணி, நடுவுல நீ மட்டுமா?" என்று அழுகிறார். போகலாமா சார்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: போகலாம்மா. அந்த ஏஜென்டை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். அவருக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பாருங்கள். மாலத்தீவில் இந்தியர்களுக்கு இறங்கியதும் டூரிஸ்ட் விசா கிடைத்துவிடும், அதை வைத்துத்தான் இந்த மாதிரி ஆட்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். வேலைக்கான அனுமதி கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள். பட்டச் சான்றிதழை அந்த நாட்டுத் தகுதி ஆணையம் மதிப்பிடும், அதனால் பி.எட். ஒரிஜினலை இப்போதே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, கடலுக்கு வருவோம். நான் சத்துவாச்சாரிக்காரன், 2008லிருந்து நாலு வருடம் அங்கே ஒரு தீவில் பாடம் நடத்தியவன். பாலாற்று மணலையே பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் வாரம் முழுக்கக் கரையை விட்டு வர மனசில்லை, மூன்றாவது வாரம் துணி காயப்போடும்போது உப்புக்காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் தீவை முழுசாகச் சுற்றி வர நாற்பது நிமிடம். நீங்கள் மார்க் குறைத்துப் போட்ட பையனின் அப்பாதான் மளிகைக் கடைக்காரராக இருப்பார், அவன் அத்தைதான் ஹெல்த் சென்டரில் நர்ஸ், சாயந்திரம் ஆனால் எல்லோரும் வீட்டு வாசலில் ஜோலி என்கிற கயிற்று நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் எந்தப் பக்கம் நடந்து போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் தனியாக இருப்பீர்களே என்று அம்மா பயப்படுகிறார், அங்கே தனியாக இருக்கத்தான் இடம் கிடைக்காது!

பிள்ளைகள் தங்கம். முதல் நாள் நாலாம் வகுப்பில் ஒரு பையன் இங்கிலீஷ் நோட்டைக் கடைசிப் பக்கத்தில் தொடங்கி எழுதிக்கொண்டிருந்தான், நான் திட்டப் போய்விட்டேன். அவர்களுடைய திவேஹி மொழியை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், அவனுக்கு அதுதான் முதல் பக்கம். நோட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். பெரிய வகுப்புகளில் திவேஹி, இஸ்லாம் தவிர மற்ற பாடங்கள் ஆங்கிலத்தில்தான், ஆனால் மணி அடித்ததும் வராந்தாவில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை காதில் விழாது. இலக்கணத்தை விடுங்கள், பேச வையுங்கள். படகை அவர்கள் தோனி என்பார்கள், நம்ம தோணிதான். வளையமாக இருக்கும் பவளத்தீவைச் சொல்லும் அடால் (atoll) என்ற ஆங்கிலச் சொல்லே திவேஹியிலிருந்து போனது, இதைச் சொன்ன அன்றைக்கு என் வகுப்பில் ஒரே கும்மாளம்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காலையில் சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்த மஸ் ஹுனி, கூட ரொட்டி. மீன் சாப்பிட்டால் பிழைத்தீர்கள். காய்கறி படகில்தான் வரும், தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கினால் படகு நின்றுவிடும். ஒருமுறை பதினோரு நாள் வெங்காயமே இல்லாமல் ரசப்பொடியும் பருப்புமாக ஓட்டினேன், அந்தப் பதினோரு நாளும் கனவில் முள்ளுக் கத்தரிக்காய்தான் வந்தது.

அப்புறம், அது முழுக்க முஸ்லிம் நாடு. வழிபாட்டுச் சிலை கொண்டுபோக அனுமதி இல்லை, அம்மா பெட்டியில் சின்னப் பிள்ளையாரை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரவிடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு.

பணம் அனுப்ப, தலைநகர் மாலேயில் 1974 முதலே ஸ்டேட் பாங்க் கிளை இருக்கிறது. ஆனால் அங்கே டாலர் தட்டுப்பாடு அடிக்கடி வரும், மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடிகிறது என்று இப்போது அங்கே வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரிடமே கேளுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம் அந்த நாட்டு ருஃபியாவிலா டாலரிலா, வீட்டு வாடகை யார் தருவது, லீவுக்கு வந்து போக டிக்கெட் உண்டா, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். காட்பாடியில் ராத்திரி திருவனந்தபுரம் மெயில் ஏறினால் மறுநாள் அங்கே, அங்கிருந்து மாலே பக்கம்தான். டெல்லியைவிட கிட்டே என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கொரியாவில் கடலோரக் கிராமப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இந்தியர்களை எடுப்பார்களா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா என்று ஏழு நாட்டு பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். 2010ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தப்படி, பட்டத்தோடு ஆசிரியர் தகுதியும் உள்ள நம்மவர்களுக்கு ஒரு சின்ன வாசல் உண்டு. வெறும் டிகிரியும் ஆன்லைன் சான்றிதழும் வைத்துக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள், முதலில் பி.எட். முடியுங்கள்.