குழந்தைகள் சிற்பத்தையும் ஓவியத்தையும் நின்று பார்க்க என்ன செய்யலாம்?

எட்டு வயது மகனையும் ஐந்து வயது மகளையும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால் பத்தே நிமிடத்தில் "வீட்டுக்குப் போகலாம்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள், கலையில் ஆர்வம் வர என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை. கூடப் போகும் பெரியவர்கள்தான் அளவுக்கு மீறிக் காட்டுகிறார்கள், அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள்.

நான் வேலூர்ப் பக்கம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் பள்ளிச் சுற்றுலா என்றாலே கோட்டைதான். வரிசையாக நிற்க வைத்து, "தொடாதே, பேசாதே, சீக்கிரம் வா" என்று மூன்று கட்டளைகளில் நானூறு ஆண்டுகளைக் கடந்துவிடுவார்கள். வெளியே வாங்கித் தின்ற மாங்காய்ப் பத்தைதான் பிள்ளைகளின் மனதில் நிற்கும். அதில் வியப்பில்லை. அதை மட்டும்தானே நிதானமாக அனுபவிக்க விட்டார்கள்?

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயநகர காலத்து வேலை. முன்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைகள், யாளிகள், அவற்றின் மேல் வீரர்கள் என்று தூணுக்குத் தூண் கூட்டம். முழு மண்டபத்தையும் சுற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, ஒரே ஒரு தூணுக்கு முன்னால் பிள்ளைகளைத் தரையில் உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள், இதுதான் முக்கியம். நின்றுகொண்டிருந்தால் நம் கண் யாளியின் முகத்துக்குத்தான் போகும். உட்கார்ந்தால் குளம்புக்கு அடியில் இருக்கும் சின்ன உருவங்கள் நேருக்கு நேர் வரும். ஒருவன் கேடயத்தைத் தூக்கித் தாங்குவான், இன்னொருவன் கீழிருந்து வாளால் குத்துவான். பெரியவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் இந்தக் கீழ்ப்பகுதிதான் குழந்தையின் கண் உயரம். "இதில் யார் ஜெயிப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மகன் எழுந்து அந்தக் குதிரையைப் போல நின்று காட்டினால் தடுக்காதீர்கள். ஒற்றைக் காலில் தள்ளாடும்போதுதான் கல்லில் அந்த எடையைச் சிற்பி எங்கே இறக்கியிருக்கிறான் என்பது உடம்புக்குப் புரியும். வழிபாடு நடக்கும் கோயில் என்பதால் சத்தம் மட்டும் போடவேண்டாம்.

அடுத்தது, விளக்கப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்துவிட்டால் விடை தெரிந்துவிடும், பார்ப்பதற்கு அப்புறம் என்ன வேலை? இறந்த வீரனின் நினைவாக நட்ட ஒரு நடுகல்லின் முன்னால் என் மாணவன் ஒருவன் சொன்னதை இன்னும் நினைத்துச் சிரிப்பேன். மேலே, வீரனை இருபுறமும் பெண்கள் தாங்கிக்கொண்டு போவதுபோல ஒரு காட்சி. "அடிபட்டவரை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் சார்" என்றான். வேலூர்ப் பிள்ளை வேறு என்ன சொல்வான்! "இல்லை, அது வீரசொர்க்கம்" என்று திருத்தியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டேன். உடம்பில் தைத்த அம்பைக் காட்டினான், தளர்ந்த காலைக் காட்டினான். பக்கத்தில் இருந்த பெண், "அவர்கள் கால் தரையில் படவில்லையே, பறக்கிறார்கள்" என்றாள். விடையை அவர்களே பாதி எட்டிவிட்டார்கள். மீதியைப் பலகை சொன்னது.

இந்தக் கேள்வி என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் அபிகெயில் ஹவுசன் என்ற உளவியலாளரும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்குத் தலைமை வகித்த பிலிப் யெனவைனும் உருவாக்கிய முறை. இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது. இந்த மூன்று கேள்விகளைத் தாண்டி ஆசிரியர் அதிகம் பேசுவதில்லை. நம் ஊர்ப் பெற்றோருக்கு மூன்றாவதுதான் கஷ்டம், ஏனென்றால் அதற்குக் காத்திருக்க வேண்டும்.

கதை சொல்லத்தான் வேண்டும் என்றால், பொருளுக்குள்ளேயே இருக்கும் கதையைச் சொல்லுங்கள். கோட்டை அருங்காட்சியகத்தில் இலங்கையின் கண்டி நாட்டுக் கடைசி மன்னர் விக்கிரமராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கம் இருக்கிறது. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, இங்கே காவலில் இருந்து 1832இல் இறந்தார். இவ்வளவு சொன்னால் போதும். "சிறையில் அவர் யாரோடு விளையாடினார்?" என்ற கேள்வி எந்தப் பிள்ளையிடமிருந்தும் வரும். நாய் என்றால் ஆசைப்படும் பிள்ளை என்றால் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூருக்கு ஒருமுறை போய்வரலாம். முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜாக்களின் பட்டியலில் தூங்கி வழியும் பிள்ளைகள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கையில் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் கொடுங்கள். முழுச் சிலையை வரையச் சொன்னால் மூன்றாவது கோட்டில் "எனக்கு வராது" என்று மூடிவிடுவார்கள். ஒரு பாதம், ஒரு காதணி, ஒரு குளம்பு போதும். "சூப்பர்" என்று பாராட்டுவதைவிட, "இந்த விரல் ஏன் வளைந்திருக்கிறது?" என்று கேட்பது பலன் தரும். அந்த நேரத்தில் உங்கள் செல்போன் பையில் இருக்கட்டும்.

காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவதாக இருந்தால் இன்னும் கறாராக இருங்கள். அங்கே இருப்பதை ஒரு நாளில் பெரியவர்களாலேயே பார்க்க முடியாது. செப்புத் திருமேனிகளில் திருவாலங்காட்டு நடராசர், ஓவியத்தில் ரவிவர்மாவின் படம் ஒன்று, அவ்வளவுதான் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. சாப்பிட வைத்துவிட்டு உள்ளே போங்கள், பசித்த குழந்தைக்கு நடராசரும் ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான்.

உங்கள் மகளுக்கு ஐந்து வயதுதான். அண்ணன் வரைந்து முடிக்கும்வரை அவளை நிற்க வைக்காதீர்கள். இரண்டு பெரியவர்களாகப் போய், அவளுக்குப் போதும் என்றதும் ஒருவர் அவளை, கோட்டை என்றால் அகழிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.