பாரிசவாதத்துக்குப் பிறகு வரும் அழுகை

பாரிசவாதம் வந்த அப்பா தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்தாலே விம்முகிறார், கேட்டால் "கவலை ஒன்றுமில்லை" என்கிறார் என்று உப்புவெளியிலிருந்து எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். மூளையில் இரத்தம் தடைப்பட்ட இடத்தில், நரம்புக் கலங்களைத் தூண்டும் குளுட்டமேட் என்ற இரசாயனம் அளவுக்கு மிஞ்சிக் கொட்டும். அதனால் கல்சியம் உள்ளே பாய்ந்து நரம்புக் கலங்கள் சாகும். அந்தச் சேதம் அழுகையை அடக்கும் பாதைகளையும், மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனின் என்ற இரசாயனத்தின் வேலையையும் குலைத்தால் கண்ணீர் தன்பாட்டில் வரும். என் மாமிக்கும் இப்படித்தான். கோணேசர் கோயில் மணி கேட்டாலே அழுதுவிடுவார், நடுவில் சிரிப்பும் வரும், பாவம். செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை பலருக்கு உதவும். கிளினிக்கில் கேளுங்கள், இப்போது குடிக்கும் மாத்திரைகளையும் காட்டுங்கள். நித்திரையோ பசியோ குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். திரும்பவும் முகம் கோணினால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.