கல்லூரிக்கு ஐந்து மாதம் இருக்கும்போது வேலை மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. ஊர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மெக்கானிக்கல் படித்துவிட்டு, புதுச்சேரி சேதராப்பட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து நான்கு ஆண்டு ஏழு மாதம் ஆகிறது. கையில் 27,000 ரூபாய் வருகிறது. அடிப்படைச் சம்பளம் 15,000. நவம்பரில், எம்பிஏ சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு எழுதினேன். இரண்டு கல்லூரிகளிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இந்த நேரத்தில் சென்னை பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனம் 40,000 ரூபாய் தருவதாகக் கூப்பிடுகிறது. பதவிக்குப் பெயர் 'பிசினஸ் அனலிஸ்ட்'. எம்பிஏ சேருவதற்கு முன்னால் அப்படி ஒரு பெயர் இருந்தால் மதிப்பு என்கிறாள் தோழி. மஞ்சக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவோ, 'இருக்கிற வேலையை விடாதே, படிப்பும் வேண்டாம், கடனும் வேண்டாம்' என்கிறார். இப்போதைய வேலையில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மாறலாமா? அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இப்போது மாற வேண்டாம். ஜூனில் சேருவதற்கு நல்ல இடம் கிடைக்காமல் போனால் அப்போது தாராளமாக மாறுங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்ல, நீங்கள் எழுதியிருக்கும் எண்களே எனக்குப் போதும். தோழி சொன்ன 'மதிப்பு' பற்றி அடுத்துப் பேசுகிறேன்.

நாள்காட்டியைப் பாருங்கள். இன்றைக்கே ராஜினாமா கொடுத்தாலும் நோட்டீஸ் முடிய மார்ச் நடுப்பகுதி ஆகிவிடும். எம்பிஏ வகுப்புகள் பெரும்பாலும் ஜூனில் தொடங்கிவிடுகின்றன. புதிய இடத்திலும் முறையாகச் சொல்லி விலக வேண்டும், விடுதிக்குப் போக ஏற்பாடுகள் செய்ய வேண்டும். இதெல்லாம் போகப் பெருங்குடியில் நீங்கள் வேலை பார்க்கப்போவது ஏறக்குறைய மூன்று மாதம். கூடுதலாக வருவது மாதம் 13,000 என்றால் மூன்று மாதத்துக்கு 39,000. இப்போது வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறீர்கள். சென்னையில் பெண்கள் விடுதிக்குச் சாப்பாட்டோடு 9,000 என்று குறைத்தே போட்டாலும் 27,000 போய்விடும். மிஞ்சுவது 12,000. விடுதிக்குக் கட்டும் முன்பணம், வார இறுதியில் கடலூருக்கு வந்துபோகும் பஸ் கட்டணம் எல்லாம் இதற்குள்தான்.

இந்த 12,000-க்காக நீங்கள் எதை விடுகிறீர்கள் தெரியுமா? ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்தாண்டு வேலை பார்த்தவருக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, சட்டப்படியான உரிமை. உங்களுக்கு ஐந்தாண்டு நிறைவது ஜூன் நடுவில். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் சேர்த்து, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு அது. உங்கள் 15,000-க்கு ஏறக்குறைய 43,000 ரூபாய் வரும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஐந்தாண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மார்ச்சில் நீங்கள் விலகினால் அந்த 240 நாள் கணக்கு விளிம்பில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையைச் சேர்ப்பதா, சம்பளமில்லா விடுப்பைக் கழிப்பதா என்று நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கல்லூரியில் முதல் பருவம் படிக்கும் பெண்ணுக்கு அந்த அலைச்சல் எதற்கு? ஐந்தாண்டு முழுதாக முடிந்த பிறகு விலகினால் ஒருவரும் மறுக்க முடியாது.

பி.எஃப். பணத்துக்கும் இதே ஐந்தாண்டுதான் கோடு. அதற்கு முன்னால் எடுத்தால் வரி பிடிப்பார்கள். எடுக்காமல் விட்டுவைப்பதே நல்லது.

பணத்தை விடவும் பெரிய சிக்கல் நேர்முகத் தேர்வு. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை அது நடக்கும். சேதராப்பட்டில் உங்களுக்குச் சேர்த்துவைத்த விடுப்பு இருக்கும், உங்களைத் தெரிந்த மேலாளர் இருப்பார். இரண்டு நாள் கேட்டால் கிடைக்கும். புதிய இடத்தில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் போய் விடுப்புக் கேட்க முடியுமா? புரொபேஷனில் இருப்பவர் கேட்டால் என்ன முகத்தோடு தருவார்கள்? இன்னொன்று: விண்ணப்பத்தில் இப்போதைய நிறுவனத்தின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். நடுவில் மாறினால் அனுபவச் சான்றிதழ், பணி விடுவிப்புக் கடிதம், புதிய நியமனக் கடிதம் என்று எல்லாவற்றையும் காட்ட வேண்டும். விடுவிப்புக் கடிதத்தை வாரக்கணக்கில் இழுத்தடிக்கும் நிறுவனங்கள் உண்டு.

இனி தோழி சொன்ன விஷயம். அவர் உங்கள் நலம் விரும்பித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் சேர்க்கை நடக்கும் விதம் வேறு. பல ஐ.ஐ.எம்.களில், அதாவது மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளில், வேலை அனுபவத்துக்கு மதிப்பெண் போடும்போது, விண்ணப்பித்த ஆண்டின் ஜூலை 31 வரை முடிந்த மாதங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தேதி கடந்து மாதக்கணக்காகிறது. மார்ச்சில் எங்கே சேர்ந்தாலும் அந்த மதிப்பெண் ஒன்றுகூட ஏறாது. உங்களை அழைத்திருக்கும் கல்லூரிகள் எந்தத் தேதியை வைத்திருக்கின்றன என்பதை அவற்றின் சேர்க்கை விதிமுறைகளில் படித்துப் பாருங்கள்.

சரி, மதிப்பெண் ஏறாவிட்டாலும் நேர்முகத்தில் அந்தப் பதவிப் பெயர் கைகொடுக்காதா என்று கேட்பீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர், 'அங்கே என்ன செய்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வீர்கள்? இரண்டு வாரப் பயிற்சியைப் பற்றிச் சொல்லலாம். அடுத்த கேள்வி, 'படிக்க வரப்போவது தெரிந்தும் ஏன் மாறினீர்கள்?' என்று வரும். நேர்மையான பதில் 13,000 ரூபாய்தான்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் நான்கரை ஆண்டை மிகவும் குறைத்து எடை போடுகிறீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த வருத்தம். தரக் கட்டுப்பாடு என்றால் வெர்னியரைப் பிடித்து அளப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம், நீங்கள் நினைக்கக் கூடாது. ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியாகச் செய்த சரக்கு, வாடிக்கையாளரிடம் போய் நிராகரிக்கப்பட்டதென்று வையுங்கள். அதன் பிறகு என்னவெல்லாம் நடக்கும்? அவர்கள் கிடங்கிலேயே ஆள் போட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் கூலி உங்கள் நிறுவனத்தின் தலையில் விழும். திருப்பி அனுப்பும் லாரி வாடகை, மறுவேலைக்கு இயந்திரம் நிற்கும் நேரம், வாடிக்கையாளர் பிடித்துக்கொள்ளும் தொகை, அவசரமாக மாற்றுச் சரக்கு அனுப்பும் செலவு என்று வரிசையாக வரும். அதன் பின் தவறின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியாகச் சொல்லும் 8டி அறிக்கை எழுதி, 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, தவறு உங்கள் வரிசையில் நடந்ததா, மூலப்பொருள் கொடுத்தவரிடம் நடந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும். வாகனத் தொழிலுக்கான தரச் சான்றாகிய ஐ.ஏ.டி.எஃப். 16949 தணிக்கைக்கு வருபவர் அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்பார். இதில் செலவுக் கணக்கு இருக்கிறது, கொள்முதல் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, ஷிப்டில் இருக்கும் தொழிலாளியிடம் பேசும் திறமையும் இருக்கிறது. எம்பிஏவில் தனித்தனிப் பாடமாக வரும் எல்லாமே அந்த ஒரு லாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது, இந்த இரண்டு மாதத்தில் அப்படி உங்கள் கைவழியாகப் போன மூன்று சம்பவங்களை ரூபாய்க் கணக்கோடு எழுதுங்கள் என்பதே. நிறுவனத்தின் ரகசியமோ வாடிக்கையாளர் பெயரோ வேண்டாம். தவறு எங்கே நடந்தது, எவ்வளவு நஷ்டம், நீங்கள் மாற்றியது என்ன, அதற்குப் பிறகு நிராகரிப்பு எவ்வளவு குறைந்தது என்பது போதும். செலவு விவரம் உங்களுக்குத் தெரியாது என்றால் கணக்குப் பிரிவில் போய்க் கேளுங்கள். மேலாளரிடம் சொல்லி, கொள்முதல் பிரிவினர் சப்ளையர் தணிக்கைக்குப் போகும்போது உங்களையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஐந்தாண்டு ஆகப்போகும் ஊழியர் ஆர்வத்தோடு கேட்டால் மறுக்க மாட்டார்கள். நேர்முகத்துக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். ஜூனில் போகப்போவதை மறைத்துக்கொண்டு ஒரு வேலையில் சேருவது சரியில்லை. உங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் தன் நேரத்தைச் செலவழிப்பார். அந்த இடத்துக்கு நிஜமாகவே ஏங்கிக் காத்திருந்த வேறொரு பெண்ணுக்கு 'இடம் நிரம்பிவிட்டது' என்று பதில் போயிருக்கும். சிறு ஊர்களிலிருந்து போகிறவர்களை நம்பி எடுத்தால் பாதியில் போய்விடுகிறார்கள் என்ற பேச்சுக்கு நீங்கள் காரணமாக வேண்டாம்.

எல்லாருக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். தேர்வே இன்னும் எழுதாமல், கல்லூரிக்கு ஒன்றரை ஆண்டாவது இருக்கிறது என்றால் மாறச் சொல்லியிருப்பேன். இப்போதைய இடத்தில் சம்பளம் ஒழுங்காக வரவில்லை, மரியாதை இல்லை, பாதுகாப்பு இல்லை என்றால் நாள்காட்டி எதையும் பார்க்காமல் வெளியே வாருங்கள் என்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு குறையும் இல்லை.

கல்லூரி முடிவுகள் ஏப்ரல், மே மாதங்களில் வரும். காத்திருப்புப் பட்டியல் என்றால் ஜூன் வரைக்கும் இழுக்கும். உங்களுக்கோ இரண்டு மாத நோட்டீஸ். ஆகவே முதல் முடிவு வந்த அன்றே மேலாளரிடம் பேசுங்கள். மீதமுள்ள விடுப்பைக் கழித்துக்கொள்ளலாமா, சில நாட்களைப் பணமாகக் கட்டிவிடலாமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வேலை நாளாக மட்டும் ஐந்தாண்டு நிறையும் தேதிக்கு முந்தைய எந்தத் தேதிக்கும் சம்மதிக்காதீர்கள். வகுப்பு அதற்கு முன்பே தொடங்குகிறது என்றால், சில நாள் தாமதமாகச் சேர அனுமதி உண்டா என்று கல்லூரியில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் படிப்பைத் தேர்ந்தெடுங்கள், 43,000-க்காக ஓர் ஆண்டை விடாதீர்கள். அப்போது உங்கள் கையில் 240 நாளுக்கு மேல் தெளிவாக இருக்கும், பணிக்கொடையைக் கேட்டு எழுத்து மூலமாக விண்ணப்பிக்கலாம்.

வந்திருக்கும் இரண்டு கல்லூரிகளில் ஒன்றுகூட மனதுக்கு நிறைவாக இல்லை என்றால், கடன் வாங்கிப் போய்ச் சேராதீர்கள். டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் தமிழகக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் படிக்க வழி உண்டு. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரம்தான். இவை எதுவும் அமையாவிட்டால், ஜூனில் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு சென்னைக்கு வேலைக்குப் போங்கள், அங்கே ஓராண்டு முழுதாக இருந்து வேலையைக் கற்றுக்கொண்ட பிறகு மறுபடி கேட் எழுதுங்கள். ஒரு முறை எழுதிய மதிப்பெண் அந்த ஓராண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும் என்பதால் புதிதாகத்தான் எழுத வேண்டும். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கடைசியாக அப்பா. அவர் பயப்படுவது படிப்பைக் கண்டு அல்ல, கடனைக் கண்டு என்றே நினைக்கிறேன். மளிகைக் கடையில் நாள் வியாபாரத்தை நம்பி வாழ்ந்தவருக்குப் பல லட்ச ரூபாய் கடன் என்றால் தூக்கம் வராது. அவரிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டாம், கணக்கைப் பேசுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்குப் சொத்து அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்து, அரசின் வேறு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவராக இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் 3 சதவீத வட்டி மானியம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உங்கள் இரண்டு கல்லூரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படிக்கும் இரண்டு ஆண்டுகளும் அதன் பின் ஓராண்டும் அசல் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். வேலைக்குப் போன பிறகு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், கட்டும் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு.

ஜாமீன் வேண்டாம் என்றாலும் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், வருமானச் சான்றும் கேட்பார்கள். கடைக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திராவிட்டால் இப்போதே ஓர் ஆடிட்டரைப் பார்த்து, வங்கிக்கு என்னென்ன காட்டலாம் என்று கேளுங்கள். பிறகு ஒரு நாள் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு அப்பாவையும் உங்கள் வங்கிக் கிளைக்குக் கூட்டிப்போங்கள். கேள்விகளை அவரே மேலாளரிடம் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.