ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் பாடம் நடத்துவாரா?

நீலகிரி கூடலூர் பக்கம் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்கள், பள்ளியில் இருப்பதே இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் தலைமையாசிரியர், அவர் வகுப்பெடுப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுப்பார், எடுத்தே ஆக வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அதற்கு மேல் தனியாக ஒரு தலைமையாசிரியர் என்பது 150 பேரைத் தாண்டினால்தான். மலையில் எத்தனை பள்ளிக்கு அந்த எண்ணிக்கை வரும்?

ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து உட்காரவைத்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசின் அடிப்படை எழுத்து, கணக்குத் திட்டத்தை நடத்துகிறார். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். அவரோ எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகையைப் பதிய சிக்னல் தேடி வாசலுக்கு, காலை உணவைப் பார்க்க, கூட்டத்துக்குக் கிளம்ப என்று இழுபட, இரண்டு அறையும் மற்றவர் தலையில் விழுகிறது. தலைமையாசிரியர்மேல் குறையில்லை, அமைப்பே அப்படி. வீட்டில் பணியர் பழங்குடி மொழி பேசும் பிள்ளைக்குப் பொறுமையாகத் தமிழ் எழுத்தைச் சொல்லித்தர வேண்டிய நேரமும் இதில் போவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், கட்டாயம் போங்கள். சுவர், கழிப்பறையோடு நிறுத்தாமல், தலைமையாசிரியர் வெளியே போகும் நாளில் அவர் வகுப்பை யார் பார்ப்பது என்று கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், ஜூலை மழைக்கு விட்ட விடுமுறைப் பாடங்களை எப்போது ஈடுகட்டுவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.